ஹெபடைட்டிஸ் சி: ரத்தத்தில் பரவும், மாத்திரையில் குணமாகும்

ஹெபடைட்டிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். நோயாளியின் ரத்தம் இன்னொருவரின் ரத்தத்தில் கலப்பதே இது பரவுவதற்கு முதன்மைக் காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேரின் உடலில் இந்த வைரஸ் நிலைகொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது. 2022இல் மட்டும் இந்நோயால் ஏறத்தாழ 2,42,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தவை கல்லீரல் சுருக்கமும் கல்லீரல் புற்றுநோயும். இத்தனைக்கும் இது முற்றிலும் குணமாகும் நோய். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கிருமி ஒழிந்துவிடுகிறது. இருந்தும் இத்தனை பேர் சாவதற்கு முக்கியக் காரணம், தங்கள் உடலில் நோய் இருப்பதே பலருக்குத் தெரியாததுதான்.

பெயரில்லாத கிருமி

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் 1960களில் கண்டுபிடிக்கப்பட்டதும், தானமாக வரும் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று சோதிக்க முடிந்தது. அதன்பிறகும் ரத்தம் ஏற்றிக்கொண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்துகொண்டே இருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஹார்வி ஆல்டரும் அவருடைய சகாக்களும் 1970களில் அந்த நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களிடம் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை. வேறொரு கிருமி இருப்பது உறுதியானது. அது எது என்பது மட்டும் பிடிபடவில்லை. 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத கல்லீரல் அழற்சி' என்றே பத்தாண்டுகளுக்கு மேல் அது அழைக்கப்பட்டது.

1989இல் கைரான் என்ற மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர், ஆய்வாளர் டேனியல் பிராட்லியுடன் சேர்ந்து அதைக் கண்டறிந்தனர். தொற்றுக்குள்ளான சிம்பன்சியின் ரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துணுக்குகள் உருவாக்கும் புரதங்களில், நோயாளியின் எதிர்ப்பொருள் எதனுடன் ஒட்டுகிறது என்று தேடியபோது வைரஸின் ஒரு துண்டு சிக்கியது. இந்த வைரஸ் தனியாகவே நோயை உண்டாக்கும் என்பதை 1997இல் ஆய்வாளர் சார்லஸ் ரைஸ் நிரூபித்தார். ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கண்டுபிடிப்பின் முதல் பலன் ரத்த வங்கிகளுக்குக் கிடைத்தது. 1990 முதல் பல நாடுகள் தான ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடத் தொடங்கின. இந்தியாவில் 2000களின் தொடக்கத்தில் இந்தச் சோதனை கட்டாயமானது.

உடலுக்குள் நடப்பது

கிருமி உடலில் நுழைந்து இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் முதல்கட்ட நோய் உண்டாகிறது. நூற்றுக்கு 80 பேருக்கு அப்போது எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சல், அசதி, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி வரலாம். சிலருக்குச் சிறுநீர் அடர்நிறமாகிக் கண் மஞ்சளாகலாம்.

கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதான் என்று தமிழ்நாட்டில் பலர் நினைக்கின்றனர். கண் மஞ்சளானால் கீழாநெல்லியைத் தேடுவார்கள். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அதனால் பெயர் பச்சிலைக்குப் போய்ச் சேர்கிறது. சி வகை அப்படியல்ல. கண் மஞ்சளாகவில்லை என்பதை வைத்துக் கல்லீரல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் உடல், ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே கிருமியை வென்றுவிடுகிறது. மீதி 70 விழுக்காட்டினரிடம் அது நாள்பட்ட தொற்றாகத் தங்கிவிடுகிறது. தொடர்ந்த அழற்சியால் கல்லீரலில் தழும்பு விழுந்து, நல்ல திசு இருந்த இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. நாள்பட்ட தொற்றுள்ளவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கிப்போகும் அபாயம் உண்டு. மது, எச்.ஐ.வி. அல்லது ஹெபடைட்டிஸ் பி தொற்று, உடல் பருமன், நீரிழிவு ஆகியவை இந்தச் சேதத்தை விரைவுபடுத்துகின்றன. வயிற்றில் நீர் கோத்தல், கால் வீக்கம், ரத்த வாந்தி, நினைவு தடுமாறுதல் போன்றவை தெரியும்போது நோய் மிகவும் முற்றியிருக்கும்.

பரவும் வழிகள்

ஒருவருக்குப் போட்ட ஊசியையும் சிரிஞ்சையும் இன்னொருவருக்குப் பயன்படுத்துவது இந்த வைரஸுக்கு மிக எளிதான வழி. போதை மருந்து ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுவது இதனால்தான். சோதிக்கப்படாத ரத்தம், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அறுவைக் கருவிகள், பல் மருத்துவக் கருவிகள், பாதுகாப்பில் குறையுள்ள டயாலிசிஸ் ஆகியவற்றாலும் தொற்றும். பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி, சவரக்கத்தி ஆகியவற்றைப் பகிர்வதும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும்.

தொற்றுள்ள தாயிடமிருந்து பிரசவத்தையொட்டிக் குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு அளவில் உள்ளது. உடலுறவால் பரவுவது குறைவு. ரத்தக் காயம் ஏற்படும்போதும் எச்.ஐ.வி. தொற்று இருக்கும்போதும் அபாயம் கூடும்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, இருமல், தும்மல், கொசுக்கடி எதனாலும் ஹெபடைட்டிஸ் சி பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது, மார்புக் காம்பு வெடித்து ரத்தம் கசியும்போது மட்டும் கவனம் வேண்டும். ஆகவே நோயாளியை வீட்டில் ஒதுக்கிவைப்பதற்கோ வேலையிலிருந்து நீக்குவதற்கோ எந்த நியாயமும் இல்லை.

எகிப்து கண்ட துயரமும் மீட்சியும்

மருத்துவமே நோயைப் பரப்பக்கூடும் என்பதற்கு எகிப்து பெரிய சான்று. நைல் நதிக் கரையின் விவசாயிகளை, நீரில் வாழும் நத்தைகளின் வழியாக வரும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வாட்டியது. 1950களிலிருந்து 1980கள் வரை அரசு ஊர் ஊராக ஊசி மருந்து போட்டது. ஒவ்வொருவருக்கும் பல தடவை ஊசி தேவைப்பட்டது. கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்தடுத்தவருக்குப் பயன்படுத்தியதால், அன்று எவரும் அறிந்திராத ஹெபடைட்டிஸ் சி கிராமம் கிராமமாகப் பரவியது. உலகிலேயே இந்நோய் மிகுந்த நாடாக எகிப்து ஆனது.

அதே நாடு 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை 'பத்துக் கோடி ஆரோக்கியம்' என்ற இயக்கத்தை நடத்தியது. ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குச் சோதனை செய்யப்பட்டது. நோய் கண்டவர்களுக்கு உள்நாட்டில் தயாரித்த மருந்து இலவசமாகக் கிடைத்தது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம், ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் 'தங்க நிலை'யை எட்டிய முதல் நாடாக எகிப்தை அறிவித்தது.

இரண்டு சோதனைகள்

நோயைக் கண்டறிய இரண்டு படிகள் உண்டு. முதலாவது, ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தத்திலேயே சில நிமிடங்களில் இதைச் செய்யலாம். எதிர்ப்பொருள் இருந்தால், எப்போதோ தொற்று வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கிருமி தானாக நீங்கியவருக்கும் மருந்தால் குணமானவருக்கும் அது ரத்தத்தில் தங்கியிருக்கும். எனவே வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். என்ற இரண்டாவது சோதனையில்தான் உறுதிசெய்ய வேண்டும். எதிர்ப்பொருள் உருவாக இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம், பி.சி.ஆர். சோதனை ஓரிரு வாரங்களிலேயே வைரஸைக் காட்டிவிடும்.

தொற்று உறுதியானால் கல்லீரலின் நிலையை மருத்துவர் மதிப்பிடுவார். சாதாரண ரத்தச் சோதனை எண்களை வைத்துக் கணக்கிடும் முறைகளும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் வந்துவிட்டதால், ஊசி குத்தித் திசு எடுக்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. சோதனைகளும் கூடவே செய்யப்படும்.

தான ரத்தத்தில் சோதனை கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எப்போதாவது போதை ஊசி போட்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், பாதுகாப்பற்ற இடத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள் ஆகியோர் சோதித்துக்கொள்வது அவசியம். தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும் என்பதால், குழந்தைக்கு எதிர்ப்பொருள் சோதனையை 18 மாதத்துக்குப் பிறகே செய்ய வேண்டும்.

சிகிச்சை

முன்பு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான் வழி. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீண்ட அந்தச் சிகிச்சை காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை எனப் பல தொல்லைகளைத் தந்தது. குணமானவர்களோ ஏறத்தாழப் பாதிப் பேர். வைரஸ் பெருகத் தேவையான நொதிகளையும் புரதங்களையும் நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள் வந்தபின் நிலைமை மாறியது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் அவற்றில் முக்கியமானது. அப்போது அங்கே ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலராக இருந்தது. 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014இல் உரிமம் பெற்ற இந்திய மருந்து நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை மளமளவென்று இறங்கியது.

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய இந்தியாவின் தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளின் சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் 12 வாரம் தரப்படுகின்றன. சுருக்கம் உள்ளவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும். நோய் முற்றியவர்களுக்கு இவற்றுடன் ரிபாவிரின் சேரும், அல்லது காலம் 24 வாரமாக நீளும். ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். காசநோய், வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் இவற்றோடு ஒத்துப்போகா. எனவே சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பகாலத்தில் ரிபாவிரின் கூடவே கூடாது.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இல்லையென்றால் நோய் குணமாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர, நீங்கிவிடாது. அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். மதுவை அறவே விட வேண்டும்.

தடுப்பு

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. இந்த வைரஸ் ஓயாமல் உருமாறுவதும் பல வகைகளாகப் பிரிந்திருப்பதும் தடுப்பூசி ஆய்வுக்குத் தடையாக உள்ளன. ஒருமுறை குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம்.

ஆகவே ஊசியில் கவனமாக இருப்பதே தடுப்பு. ஊசி போட்டால்தான் உடம்பு தேறும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் போக வேண்டும். ஊசி தேவை என்று மருத்துவர் சொன்னால், புதிய சிரிஞ்சைக் கண்முன் பிரிக்கச் சொல்வது நோயாளியின் உரிமை. சவரக்கடையில் புது பிளேடு, வீட்டில் அவரவருக்குத் தனி ரேசர், தனி பல் துலக்கி, தனி நகவெட்டி இருக்க வேண்டும். போதை ஊசிப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்குக் கண்டனத்தைவிடச் சுத்தமான ஊசியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் முதலில் தேவை.

2015உடன் ஒப்பிட்டு, 2030க்குள் வைரஸ் ஹெபடைட்டிஸின் புதிய தொற்றுகளை 90 விழுக்காடும் சாவுகளை 65 விழுக்காடும் குறைப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. சி வகையைக் குணமாக்கும் மருந்து கையில் இருக்கிறது. மருந்து தேவைப்படுபவர் யார் என்பதைச் சோதனை ஒன்றுதான் சொல்லும்.