வினாடி வினாவும் பவணந்தியாரின் பசுவும்

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "தாத்தா, இன்னிக்கு கஹூட் உண்டா?" என்பதுதான். அது என்னவென்று அறியாத பெரியவர்களுக்காகவும், அறிந்தும் வெறும் விளையாட்டென்று ஒதுக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். அடியேன் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். புனேயில் கடை வைத்திருப்பவன். தமிழும் சுயமாகப் படித்ததுதான். ஆகவே இதில் பிழை இருந்தால் ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

கஹூட் என்பது நார்வே நாட்டில் ட்ரொண்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, 2013-இல் வெளிவந்தது. சுவரில் பெரிய திரையில் கேள்வி தெரியும். பிள்ளைகள் கையிலுள்ள மொபைலில் ஒரு எண்ணைத் தட்டி உள்ளே வருவார்கள். சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நான்கு விடைகள். ஒன்றைத் தொட வேண்டும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று திரையில் கட்டம் கட்டிக் காட்டும். அடுத்து, முன்னணியில் நிற்கும் ஐந்து பேரின் பெயர். அப்போது வகுப்பில் எழும் கூச்சலைச் சொல்லி முடியாது! இதே வகையில் நம் பெங்களூரில் 2015-இல் தொடங்கியது க்விஸிஸ். 2025-இல் அதன் பெயரை வேகிரவுண்ட் என்று மாற்றிவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒருத்தி. வீட்டில் இந்தியும் ஆங்கிலமும்தான் அதிகம். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். நான்கு வாரமாக அந்த ஐந்து பேரில் அவள் பெயர் ஒருமுறையும் வரவில்லை. ஐந்தாவது வாரம் அவளே வரவில்லை. "எனக்குத் தமிழ் வராதும்மா" என்று சொல்லிவிட்டாளாம். அவள் அம்மா போனில் விசாரித்தபோது நானும் யோசிக்காமல், "ஆமாம்மா, கொஞ்சம் சுமார்தான்" என்று சொல்லி வைத்தேன்.

அன்றிரவு மனசு கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் அதன் முழுக் கணக்கையும் எக்ஸெல் தாளாக இறக்கிக்கொள்ளலாம். பேரேட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வியாதி வியாபாரிக்கு உண்டல்லவா? திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த வாரத்தில் அந்தக் குழந்தைக்கு 20-க்கு 18 சரி. முதலிடம் வாங்கிய பையனுக்கு 13.

இது எப்படி? கேள்விக்கு 20 வினாடி என்று வைத்தால், சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. நேரம் ஓட ஓடப் புள்ளி குறையும். கடைசி வினாடியில் தொட்டால் 500தான். 2 வினாடியில் தொட்டால் 950, 18 வினாடியில் தொட்டால் 550. அப்படியானால் வேகமாகத் தொட்டு 13 சரியாக்கியவனுக்கு 12,350 புள்ளி. நிதானமாகப் படித்து 18 சரியாக்கியவளுக்கு 9,900. தராசு பொய் சொல்லவில்லை. நாம்தான் அரிசி நிறுக்கிற தராசில் துணியை வைத்து மீட்டர் பார்த்திருக்கிறோம். தமிழில் இதற்கு 'வினாடி வினா' என்று பெயர் வைத்தவர் யாரோ, காலத்தைப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்.

எம் சமயத்தவரான பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை மூன்று தரமாக வகுக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர் தலை. மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடை. பசு கிடைத்த புல்லை வயிறாரத் தின்று, ஓரிடத்தில் படுத்து மெல்ல மெல்ல அசைபோடும். ஆடோ இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய். நாங்கள் நான்கு வாரமாக ஆட்டுக்குப் பரிசு கொடுத்து, பசுவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே அந்தத் தாயிடம் கணக்கைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ஆட்டத்தை நிறுத்தவில்லை. கேள்விக்கான நேரத்தை 240 வினாடி வரை நீட்டலாம். புள்ளியே இல்லாமலும் வைக்கலாம். அப்படி மாற்றினோம். கூச்சல் கொஞ்சம் குறைந்தது, வாஸ்தவம்.

உண்மையில் ஆசிரியர் பார்க்க வேண்டியது பரிசுப் பட்டியலை அல்ல, தவறான விடைகளின் கட்டத்தைத்தான். ஒரு உதாரணம். வாழைப்பழப் படம் போட்டு வாலை, வாளை, வாழை என்று கொடுத்தோம். பாதிக்கு மேல் 'வாளை' என்று தொட்டார்கள். வாளை மீன்! சமணன் வீட்டுப் பந்தியில் மீனைப் பரிமாறிவிட்டார்கள். ஆனால் 'வாலை' என்று தொட்டவர் ஒருவர்கூட இல்லை. காரணம் யோசித்தால் விளங்கும். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. வாழைப்பழத்துக்கே அங்கே 'கேளி' என்றுதான் பெயர். பள்ளியில் தினமும் கேட்கும் ஒலியைப் பிள்ளைகள் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தியில் ளகரமும் கிடையாது. டில்லிக் குழந்தைகளிடம் இதையே கேட்டால் கட்டம் வேறு மாதிரி விழலாம். ஆக, எங்கள் பிள்ளைகளுக்கு லகர ளகரப் பாடம் வேண்டாம். ழகரத்துக்கே நேரம் ஒதுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் ஒரு பருவம் ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை. நான்கு விடை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று விழும். 20-க்கு 5 வாங்கியவன் ஒன்றுமே தெரியாதவனாக இருக்கலாம். அதைப் பாதித் தேர்ச்சி என்று பெற்றோர் மகிழ வேண்டாம். பிள்ளைகளிடம் மொபைல் கொடுக்க விரும்பாதவர்களுக்கு ப்ளிக்கர்ஸ் என்ற முறை இருக்கிறது. பிள்ளைக்கு ஓர் அச்சிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார்கள் என்பதே விடை. ஆசிரியர் ஒருவரின் மொபைல் கேமரா எல்லாவற்றையும் படித்துவிடும்.

கேள்வி கேட்பதே கற்பித்தல்தான் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்களே முந்தினார்கள்.

நன்னூலார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. தெரியாதவர் கேட்பது அறியா வினா. இந்த ஆட்டத்தில் வருவதெல்லாம் அறிவினாதான். பிள்ளையின் நாக்கு ழகரத்துக்கு மடிகிறதா என்று திரைக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதற்காகக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

அந்தக் குழந்தை திரும்ப வந்துவிட்டாள். போன வாரம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, வாழைல இருக்கிற வாழும், வாழ்த்துல இருக்கிற வாழும் ஒண்ணா?" எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அகராதி பார்த்து அடுத்த ஞாயிறு சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.