குழியிலேயே விட்டுவைத்த தாழிகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று முன்னால் வருகிறது ஆதிச்சநல்லூர். ஊர்க்காரர்கள் 'பரம்பு' என்று சொல்லும் மேட்டில், 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது களக் காட்சிக்கூடம். தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம். அதன் மீது நடந்தபடி, புதைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும் முதுமக்கள் தாழிகளைக் குனிந்து பார்க்கலாம்.

இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்கலாம். இதற்கு முன் இங்கே கிடைத்தவை எங்கே போயின என்று பார்த்தால் புரியும். 1876-இல் வந்த ஜெர்மானியர் ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த தங்கப் பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சொந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

தூரம் மட்டும் சிக்கலில்லை. தாழியைக் குழியிலிருந்து எடுத்ததும் பாதிச் செய்தி போய்விடும். இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி நின்றன என்று ரீ குறித்திருக்கிறார். துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி வைத்தார்களோ என்பது அவருடைய ஊகம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்த ஈட்டியில் அது தெரியாது. பாறையைக் குடைந்து தாழியை இறக்கியிருப்பதும் குழியில்தான் தெரியும். தாமிரபரணிக் கரையில் நல்ல வயல் இருக்க, விளையாத கல்மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த விவசாயிகள்!

கறுப்பு சிவப்புக் கலயங்களையும் கவனியுங்கள். அவற்றைக் கவிழ்த்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான விளக்கம். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்துவிடும், வெளியே சிவக்கும். சாயம் எதுவும் பூசவில்லை.

காலம்? 2004-இல் தொடங்கிய அகழாய்வின் மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்று கரிமக் கணிப்பில் வந்தன. 2022-இல் தங்கப் பட்டம் ஒன்றும் கிடைத்தது. செய்தித்தாள்கள் தங்கத்தைத்தான் பெரிதாகப் போட்டன. என் கண்ணுக்கு அந்தக் கலயங்களே பெரிது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரம்பில் பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும். ஞாபகத்துக்கென்று ஒன்றைக்கூடப் பையில் போட வேண்டாம்.