வெள்ளைக் கட்டத்தை நம்பலாமா?

அகத்தியர் மலையில் பெய்யும் மழை நெய்யாறாகப் பெருகி, பூவாரில் கடலோடு கலக்கிறது. இடையில் அணை ஒன்று உண்டெனினும், மேலே எவ்வளவு பெய்தது என்பது கழிமுகத்துக் குடிகளுக்கு உயிர்நிலையான செய்தி அன்றோ? அந்த மழைக் கணக்கைப் பதியக் கணிப்பொறியில் ஒரு படிவம் அமைப்பதாகக் கொள்வோம், நண்பர்களே! ஊர், நாள், மழை என மூன்றே புலங்கள்.

நூறு வரிகளில் எண்கள் நிறைந்தால் கண் களைக்கும். எண்ணுக்கு ஏற்பக் கட்டமே நிறம் மாறினால்? அதற்குத்தான் நிபந்தனை வடிவூட்டம் என்று பெயர். மைக்ரோசாப்ட் அக்செஸ் மென்பொருளில் இவ்வசதி உண்டு. 2007ஆம் ஆண்டுப் பதிப்புவரை ஒரு கட்டத்துக்கு 3 நிபந்தனைகளே இட முடிந்தது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 50 ஆயிற்று. நமக்கு வேண்டியவை நான்கு. ஏன் நான்கு என்பதைச் சொல்கிறேன்.

எல்லைகளை வானிலைத் துறையிடமே கடன் வாங்குவோம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதிகனமழை. இவற்றுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என முறையே நிறம் கொடுப்போம்.

இங்கேதான் பலர் இடறுவர், நானும் இடறினேன். அக்செஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; முதலில் பொருந்திய விதியோடு நின்றுவிடும். “64.5க்குக் குறையாதது மஞ்சள்” என்பதை உச்சியில் வைத்துவிட்டு 210 என்று தட்டினேன். சிவப்புக்குப் பதில் மஞ்சள் சிரித்தது! பெரிய எல்லை மேலே, சிறிய எல்லை கீழே இருத்தல் வேண்டும்.

இதனினும் கொடியது வெற்றிடம். கொட்டும் மழையில் அளவியை அணுக இயலாமல் ஒருவர் புலத்தை நிரப்பாது விட்டார் என்க. வெற்றிடம் சுழியம் ஆகாது. அதை 204.4 உடன் ஒப்பிட்டால் ‘ஆம்’ என்றும் வராது, ‘இல்லை’ என்றும் வராது. எனவே எந்த விதியும் பொருந்தாது. கட்டம் வெள்ளையாகவே நிற்கும். மழை இல்லாத நாளும் வெள்ளை, செய்தி இல்லாத நாளும் வெள்ளை!

ஆகவே நான்காவது விதியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கோவை வகையைத் தேர்ந்து இஸ்நல்([மழை]) என்றிட்டு, சாம்பல் நிறம் கொடுங்கள். புலத்தின் இயல்பு மதிப்பாக 0 இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். இல்லையேல் நிரப்பாத இடத்தில் 0 தானே வந்தமரும், சாம்பல் தோன்றவே தோன்றாது. சாம்பல் கட்டத்தைக் கண்டவர் தொலைபேசியை எடுத்து, “அங்கே எவ்வளவு பெய்தது?” என்று கேட்பார்.