வங்காலைச் சரணாலயமும் எமது வயல்களும்

மன்னார்ப் பாலத்துக்கு ஏறுமுன், தள்ளாடிப் பக்கமாக விரிந்து கிடக்கும் வெளியைப் பலர் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டே போயிருப்பீர்கள். மாரியில் தண்ணீர், கோடையில் உப்புப் பூத்த தரை. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று நாமும் ஒருகாலம் நினைத்திருந்தோம். 2008இல் அது வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பளவு 4839 ஹெக்டேயர்.

2008இல் இப்பகுதிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்து அலைந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தவர்கள் சரணாலயம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு, "இனி எங்கட காணிக்குள்ள கால் வைக்கேலாதோ, பாதர்?" என்று கேட்டதில் வியப்பில்லை.

சட்டம் தேசிய பூங்காவையும் சரணாலயத்தையும் ஒன்றாகக் கருதவில்லை. பூங்கா அரச காணி. அனுமதிச்சீட்டு இன்றி நுழைய முடியாது. சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். உள்ளே போகச் சீட்டு வேண்டியதில்லை. உறுதிக் காணி, சரணாலயத்துள் அடங்கியது என்பதற்காக மட்டும் கைமாறிப்போகாது. கட்டுக்கரைக்குளம் 1954 முதல் சரணாலயம்தான். அதன் தண்ணீரில் நெல் விளைந்துகொண்டுதானே இருக்கிறது! ஆனால் வனவிலங்குகளையும் பறவைகளையும் கொல்வது, பிடிப்பது, முட்டை எடுப்பது குற்றம். அரச நிலத்தில் மரம் தறிப்பதும் காடு வெட்டுவதும் அவ்வாறே. பெர்மிட் காணி என்றால், பிரதேச செயலகத்தில் எல்லை வரைபடத்தைப் பார்த்துக் கேட்ட பிறகே துப்புரவு செய்யுங்கள். வேலி போட்ட பின் வழக்குக்கு அலைய எமக்குத் தெம்பில்லை.

கார்த்திகை முதல் மாசி வரை அங்கே போய்ப் பாருங்கள். வட ஆசியாவின் பனிக்குத் தப்பி ஊசிவால் தாராக்கள் கூட்டமாக வந்திறங்கும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் வடித்து இரை தேடும். இடம்பெயர்ந்து வருபவர்களின் களைப்பு எமக்குத் தெரியாததா?

ஒருமுறை நாம் பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்று, ஆர்வமிகுதியால் கரைவரை கொண்டுபோய் நிறுத்தினோம். இயந்திரச் சத்தத்துக்கு முழுக் கூட்டமும் எழும்பிப் போயிற்று. பிள்ளைகள் பார்த்தது வெறுந்தண்ணீரை. வெருண்டு பறக்கும் ஒவ்வொரு முறையும், திரும்பிப் போவதற்கென்று அவை சேர்த்த கொழுப்புக் கரைகிறது என்பதைப் பிறகே படித்தோம். ஆகவே விடியற்காலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்க, தூரத்தே நின்று பாருங்கள். நாயைக் கூட்டிப்போக வேண்டாம். கண்ணிவெடிப் பலகை உள்ள இடத்தில் ஒருபோதும் இறங்க வேண்டாம்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் வயலிலேயே தொடங்குகிறது. நாம் வயலிலிருந்து வடிக்கும் நீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். கிருமிநாசினிப் போத்தலையும் தெளிகருவியையும் வாய்க்காலில் கழுவினால் முதலில் சாவது மீன்குஞ்சும் இறால்குஞ்சும். பிறகு அவற்றைத் தின்னும் பறவை. கழுவிய நீரை வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தூரமாக ஊற்றுங்கள். உழும்போது பின்னால் வரும் கொக்கு பூச்சி புழுவைப் பொறுக்குகிறது, இரவில் வரும் கூகை எலி பிடிக்கிறது; கூலி கேட்பதில்லை. கண்டல் மரங்களை விறகுக்குத் தறிக்காதீர்கள். அறுந்த தங்கூசி வலையைக் கரையில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். போன மாரியில் அப்படியொன்றில் கால் சிக்கிக் கிடந்த கூழைக்கடாவை விடுவிக்க எம்மில் மூவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. அது எமது கையைக் கொத்தியது வேறு கதை.