ஜிபிஎஸ்: நம்ம உடம்பே நம்ம வயரை உரிச்சா?

ஜிபிஎஸ்னு சொன்னா நமக்கு மேப் தான் ஞாபகம் வரும். ஆனா 2025 ஜனவரியில புனேவுல இருந்து வந்த செய்திகள்ல அந்த மூணு எழுத்துக்கு அர்த்தமே வேற: கில்லன்-பாரே சிண்ட்ரோம். சாதாரணமா வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்ல ஒருத்தர், ரெண்டு பேருக்கு வர்ற நோய் இது. புனே வட்டாரத்துல, குறிப்பா சிங்ஹகட் ரோடு பக்கம், ரெண்டு மாசத்துக்குள்ள 200 பேருக்கு மேல இது இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க.

உள்ள என்ன நடக்குது?

மூளை, தண்டுவடத்துல இருந்து கை கால் வரைக்கும் போற நரம்புகளை கேபிள் மாதிரி நினைச்சுக்கோங்க. நடுவுல ஆக்ஸான், அது தான் கண்டக்டர். மேல சுத்தியிருக்கிற மயலின் தான் இன்சுலேஷன். மயலின் நடுநடுவுல இடைவெளி விட்டிருக்கும். சிக்னல் அந்த இடைவெளிகள்ல தாவித் தாவிப் போறதால நொடிக்கு சுமார் 50 மீட்டர் வேகம் கிடைக்குது. மயலினே இல்லாத மெல்லிய நரம்புகள்ல வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவு தான்.

இந்த மயலினையோ, சில பேருக்கு ஆக்ஸானையோ, நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தாக்குறது தான் ஜிபிஎஸ். ஏன் தாக்குது? சரியா வேகாத கோழிக்கறி, அசுத்தமான தண்ணி வழியா கேம்பிலோபாக்டர் ஜெஜூனி என்ற பாக்டீரியா வயித்துக்குள்ள போகும். அதோட மேல்பரப்புல இருக்கிற சில மூலக்கூறுகள் நம்ம நரம்புல இருக்கிறதைப் போலவே இருக்கும். பாக்டீரியாவுக்காக உருவான ஆன்டிபாடி ஆள் மாறி நரம்பையும் அடிக்குது. புனே நோயாளிகள் சிலரோட மல மாதிரியிலயும் இந்த பாக்டீரியா இருந்துச்சு. ஆனா வயித்துப்போக்கு வந்த எல்லாருக்கும் ஜிபிஎஸ் வராது, பயப்பட வேண்டாம். இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டவும் ஒட்டாது.

கண்டுபிடிச்சது மூணு பேர்

1916-ல, முதல் உலகப் போர் நேரத்துல, ரெண்டு பிரெஞ்சு ராணுவ வீரர்களைப் பரிசோதிச்சு கில்லன், பாரே, ஸ்ட்ரோல்னு மூணு டாக்டர்கள் இதைப் பதிவு பண்ணாங்க. தண்டுவட நீர்ல புரதம் அதிகம், ஆனா செல்கள் அதிகமில்ல. இன்னைக்கும் இது ஒரு முக்கியமான அடையாளம். இதுல மின் அளவீடுகளைப் பார்த்துக்கிட்டது ஸ்ட்ரோல். நோயோட பேர்ல இல்லாததும் அவர் தான். ப்ராஜெக்ட் டீம்ல சர்க்யூட் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்!

எதைக் கவனிக்கணும்?

வயித்துப்போக்கோ காய்ச்சலோ வந்து சில நாள்ல இருந்து சில வாரத்துக்குள்ள, ரெண்டு பாதத்துலயும் மதமதப்பு ஆரம்பிக்கும். அப்புறம் மாடிப்படி ஏற முடியாது. பலவீனம் மேல மேல ஏறும். முட்டியில சுத்தியலால தட்டினா கால் துள்ளாது. சுமார் நாலுல ஒருத்தருக்கு மூச்சுத் தசையும் பாதிச்சு வென்டிலேட்டர் தேவைப்படும்.

இங்க ஒரு விஷயம் முக்கியம். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டுதுன்னு நிம்மதியா இருக்கக் கூடாது. தசை தளர்ந்துக்கிட்டே வந்தாலும் கடைசி வரைக்கும் அந்த நம்பர் நல்லாவே இருக்கலாம். அதனால தான் ஆஸ்பத்திரியில ஊதச் சொல்லி மூச்சோட அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாங்க.

சிகிச்சை இருக்கா?

ரெண்டு இருக்கு. ஒண்ணு ஐவிஐஜி: தானம் கிடைச்ச ரத்தத்துல இருந்து பிரிச்ச ஆன்டிபாடி. கிலோவுக்கு தினம் 0.4 கிராம், 5 நாள். 60 கிலோ ஆளுக்குக் கணக்கு போட்டா 120 கிராம். செலவு லட்சங்கள்ல போகும். இன்னொண்ணு பிளாஸ்மா மாற்றம். செலவு பெரும்பாலும் குறைவு, பலன் கிட்டத்தட்ட அதே தான். ரெண்டுமே சீக்கிரம் ஆரம்பிச்சா தான் நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை இதுக்கு உதவாது.

மயலின் திரும்ப வளரும். சுமார் 80% பேர் 6 மாசத்துல தானா நடக்கிறாங்க. ஆக்ஸானே அறுந்திருந்தா நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவுல தான் வளரும், அதுக்கு வருஷக்கணக்கு ஆகலாம்.

ஹாஸ்டல்ல ரூம்மேட் "ரெண்டு காலும் மரத்துப் போச்சு, எந்திரிக்க முடியல"ன்னு சொன்னா, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு விட்டுடாதீங்க. நரம்பியல் டாக்டரும் ஐசியுவும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போங்க. போன மாசம் வயித்துப்போக்கு இருந்துச்சுன்னா அதையும் மறக்காம சொல்லுங்க.