கணனி படிக்கும் பிள்ளையும் மாணவர் சங்கமும்



பல்கலைக்கழகத்தில் கணனித்துறை பயிலும் உங்கள் மகளோ மகனோ, "உம்மா, இன்டைக்குப் பின்னேரம் எங்கட கணனிச் சங்கத்தில ஒரு பேச்சு இருக்கு. வரச் சுணங்கும்" என்று சொன்னால் உங்கள் மனதில் என்ன தோன்றும்? "படிக்கப் போன பிள்ளைக்குச் சங்கம் எதற்கு?" என்றுதானே? அதே பிள்ளை, "சங்கத்தோட ஒரு மாநாட்டுக்குப் போகணும்" என்று கேட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம். வீட்டில் இரண்டு நாளைக்கு அதே பேச்சுத்தான்.

தாயின் கவலை நியாயமானது. ஆயினும் ஒரு விடயத்தை மறுப்பதாயினும் ஏற்பதாயினும் அது இன்னதென்று அறிந்த பின்னர் செய்வதல்லவா முறை? எனவே இச்சங்கங்களைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

மாணவரே நடத்தும் சங்கம்

கணனிச் சங்கம் என்பது புதிய நாகரிகம் அன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்கள் 1967இலேயே தமக்கெனக் கணனி அறிவியற் சங்கமொன்றை அமைத்துக்கொண்டனர். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1973இல் 'லீசாட்டர்' என்ற சங்கம் பிறந்தது. கணனி என்பது ஓர் அறையையே அடைத்து நின்ற அக்காலத்தில், பழைய கணனி ஒன்றைப் பெற்று அதனை இயக்கிப் பழகியவர்கள் அம்மாணவர்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் 1996இல் தொடங்கப்பட்ட 'ரெட்பிரிக்' சங்கத்தில், அங்கத்தவர்களின் மின்னஞ்சலையும் இணையப் பக்கங்களையும் தாங்கி நிற்கும் கணனிகளை மாணவர்களே பராமரித்து வந்திருக்கின்றனர்.

இதில் ஒரு பாடம் உண்டு. வகுப்பறையில் பிழை விட்டால் புள்ளி குறையும், அத்தோடு சரி. சங்கத்தின் கணனி நின்றுபோனாலோ நூறு பேரின் கடிதங்கள் தடைப்படும். அதனைப் பொறுப்பேற்ற மாணவன் இரவோடிரவாக விழித்திருந்து சீர்செய்யத்தான் வேண்டும். பொறுப்பு என்பதைப் புத்தகத்தால் புகட்ட முடியாது.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆசிரியர் சொல்லித் தருவது கல்வியின் பாதிதான். படித்ததைச் சக மாணவரோடு அமர்ந்து மீட்டுவதிலும் விவாதிப்பதிலும்தான் மறுபாதி கிடைக்கிறது. அறபுக் கல்லூரி விடுதிகளில் இரவு நேரத்தில் நடப்பதும் இதுவே. கணனிச் சங்கத்தில் நடப்பதும் இதுவே.

ஒரு பேச்சு என்ன செய்யும்?

சங்கங்களின் முக்கிய பணி, துறை அறிந்தவர்களை அழைத்துப் பேசச் செய்வது. 1989இல் பில் கேட்ஸ் வாட்டர்லூ மாணவர் சங்கத்தில் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1986 ஒக்டோபரில் ஸ்டொக்ஹோமில் 'ஸ்டாக்கன்' என்ற மாணவர் சங்கம் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மனை அழைத்தது.

ஸ்டோல்மனின் கருத்தை நம் சமையலறையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கடையில் வட்டிலாப்பம் வாங்குகிறீர்கள். வீட்டிலே சீனி வருத்தக்காரர் ஒருவர் இருக்கிறார். இனிப்பைக் குறைத்துச் செய்ய விரும்பினாலும் செய்முறை தெரியாது. கடைக்காரரோ சொல்ல மாட்டார். செய்முறை கையில் இருந்தால், உங்கள் வீட்டுக்கு ஏற்றவாறு மாற்றலாம். அடுத்த வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கலாம். கணனி மென்பொருளின் செய்முறையும் இவ்வாறு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

அவர் பின்லாந்துக்கும் சென்றார். 1990களின் தொடக்கத்தில் அங்கு அவர் ஆற்றிய உரையைக் கேட்கச் சென்றவர்களுள் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவரும் ஒருவர். சக மாணவரொருவரே அவரை அழைத்துச் சென்றார். 21 வயதான டோர்வால்ட்ஸ் 1991இல் தாம் எழுதிய மென்பொருளை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டில், ஸ்டோல்மன் வகுத்த உரிமத்தின் கீழேயே அதனை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதுதான் 'லினக்ஸ்'. உங்கள் கையிலிருப்பது அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி எனில், அதன் அடித்தளத்தில் இயங்குவது லினக்ஸே.

மாநாட்டுப் பயணம்

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸல்ஸில் 'பொஸ்டெம்' என்றொரு மாநாடு நடந்து வருகிறது. 2001இல் தொடங்கிய இது குளிர்காலத்தில் ஒரு வார இறுதியில், அந்நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் கூடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. பல்லாயிரம் பேர் வருகின்றனர். மாணவர்கள் கூட்டாகச் சென்றால் பயணச் செலவும் தங்குமிடச் செலவும்தான். தாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளை எழுதியவரையே நேரில் கண்டு, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு மாணவி கேட்க முடிகிறது. அவரும் நின்று பதில் சொல்கிறார்.

எமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2004 டிசம்பரில் கடல்கோள் எமது கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து வைக்க இலங்கைத் தொண்டர்கள் 'சஹன' என்ற மென்பொருளை எழுதினர். அதனைத் திறந்த மென்பொருளாகவே வெளியிட்டனர். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. மேலும், மாணவர்களைத் திறந்த மென்பொருள் பணியில் ஈடுபடுத்தும் கூகிளின் கோடைகாலத் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் முதற் பத்தாண்டுகளில் பங்கேற்ற மாணவர் தொகையில் உலகிலேயே முன்னின்றது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்.

பெண் பிள்ளைகள் எங்கே?

சகோதரிகளே, இனிச் சொல்லப்போவதைக் கவனித்து வாசியுங்கள். 2006இல், கணனித் திரையை வடிவமைக்கும் 'க்னோம்' என்ற மென்பொருட் குழுவுக்கு அதே கோடைகாலத் திட்டத்தின் வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பெண்களின் விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. குழுவினர் பெண்களுக்கென்றே தனித் திட்டமொன்றை அறிவித்தனர். ஏறத்தாழ நூறு பெண்கள் விண்ணப்பித்தனர்!

அந்த நூறு பேரும் திடீரென்று கற்றுக்கொண்டவர்களா? இல்லை. ஆற்றல் முன்னரே இருந்தது. "நீயும் வா" என்ற ஒரு வார்த்தைதான் இல்லாதிருந்தது.

அந்த வார்த்தை வீட்டிலிருந்தும் வரவேண்டும். சங்கத்துக்குப் போக மகனுக்கு இலகுவாகக் கிடைக்கும் அனுமதி மகளுக்குக் கிடைப்பதில்லை. பின்னர் தொழில் தேடும்போது, "என்னென்ன செய்திருக்கிறீர்?" என்று கேட்பார்கள். மகனிடம் சொல்ல நாலு விடயம் இருக்கும். மகளிடம் பெறுபேற்றுத் தாள் மட்டுமே இருக்கும்.

வெளியூர்ப் பயணத்துக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரம்பு இருக்கும். அதனை நீங்களே தீர்மானியுங்கள். யார் யார் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யார் பொறுப்பு, செலவு எவ்வளவு என்று கேட்பது தாயின் உரிமை. ஒழுங்காக நடக்கும் சங்கமாயின் இவற்றுக்குத் தயங்காமல் பதில் தரும். ஆனால் வளாகத்துக்குள் பின்னேரம் நடக்கும் ஒரு மணிநேரப் பேச்சையும் நெடும் பயணத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். பயணம் இயலாதெனில், பொஸ்டெம் மாநாட்டு உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகளின் தோழியர் நாலு பேரை வீட்டுக்கு அழையுங்கள்; தேநீர் வைத்துக் கொடுங்கள்; ஒன்றாக அமர்ந்து பார்க்கட்டும், விவாதிக்கட்டும்.

பிள்ளை பேச்சுக் கேட்டு வந்ததும், "இன்டைக்கு என்ன கேட்டாய்? எனக்கும் விளங்கப்படுத்து" என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்த பிள்ளை, பாடத்தை உண்மையில் விளங்கிக்கொண்ட பிள்ளை.