பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்டைத் துல்லியமாக்குவது எப்படி?

தொடுவானத்திலிருந்து சூரியனின் உயரக் கோணத்தை அளந்து, கடலில் நம்ம இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது செக்ஸ்டன்ட். பிளாஸ்டிக்கில் செஞ்சது விலை கம்மி. ஆனா வெயில் பட்டா சட்டம் விரியும், கண்ணாடிகள் லேசா திரும்பிடும். கோணம் 1 ஆர்க் நிமிடம் பிசகினா, வரைபடத்தில் நிலைக்கோடு 1 கடல் மைல் (1.852 கி.மீ.) தள்ளிப்போகும். 5 நிமிடம்னா 9 கி.மீ.க்கு மேல்!

கருவியைப் பிரிச்சு மேய வேண்டாம். மூணு பழக்கம் போதும்.

1. அளக்கும் முன் அரை மணி நேரம் வெளியே நிழலில் வைங்க.

2. திருகை எப்பவும் ஒரே திசையில் சுத்தி முடிங்க. பற்களுக்கு இடையிலான தளர்வு அளவைக் கெடுக்காது.

3. ஒவ்வொரு அளவுக்கும் முன்னும் பின்னும் தொடுவானத்தின் இரு பிம்பங்களையும் ஒரே கோடாக்கி, அளவுகோலைப் படிங்க. சராசரி பூஜ்யத்துக்கு மேலே இருந்தா கழிங்க, கீழே இருந்தா கூட்டுங்க.

பிளாஸ்டிக் வளையத்தான் செய்யும். எவ்வளவுன்னு தெரிஞ்சா கணக்கில் சரிபண்ணிடலாம்.